விரிசல் தெரிகிற நிறம்

கண்டக்டரே,

இன்று காலை பெயிண்டர் எனாமல் டப்பாவின் மூடியை நெம்பித் திறந்தார். ஜன்னல் கம்பிக்கு அடிக்க வாங்கிய சின்ன டப்பாதான். அந்த நெடி மூக்கில் ஏறியதும் நான் கையில் இருந்த காபி டம்ளரோடு படியிறங்கித் தெருவுக்கு வந்துவிட்டேன். கீழே விதைக்கடை வைத்திருப்பவர் தலை சுற்றுகிறதா என்று கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினேன். பயம் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. இந்த வெட்கம் எனக்கு உன்னிடம் மட்டும்தான் இருந்ததில்லை. அதனால்தான் உனக்கு எழுதுகிறேன்.

நீ போய்ச் சேர்ந்தபிறகு என்னை ‘ட்ரைவரே’ என்று கூப்பிட ஆள் இல்லை. இந்த ஊருக்கு நான் பெரியவர், தாத்தா, நர்ஸம்மாவோட அப்பா. வேலூரில் எடுத்து கண்ணமங்கலம், போளூர் வழியாக இதே மலைக்கு நாம் எத்தனை வருஷம் ஒரே பஸ்ஸை ஓட்டினோம் என்பது இங்கே யாருக்கும் நினைவில்லை. மலைப்பாதை தொடங்கும் இடத்தில் நான் தினமும் வண்டியை நிறுத்தி, இறங்கி, டயர் ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் ஏறுவேன். நேரமாகிறது என்று யாராவது முணுமுணுத்தால் நீ பின்னாலிருந்து அவர்களை அடக்குவாய். பயப்படுகிற டிரைவர் கிடைத்ததற்குச் சாமிக்குத் தேங்காய் உடையுங்கள் என்பாய். தனியாக இருக்கும்போது என்னிடம் வேறு பாட்டு.

“இன்னா ட்ரைவரே, ஓட்றவனே பயந்தா குந்தினு வர்றவன் இன்னா பண்ணுவான்?”

பயம் என் கூடப் பிறந்தது. ஆளுக்கு ஒரு மச்சம் இருக்கிற மாதிரி எனக்கு இது.

என் மகள் இப்போது ஜமுனாமரத்தூர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். மருமகன் பக்கத்து மலைக்கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியர். போன வருஷம் கடைத்தெருவில் ஒரு மேல்மாடி வீட்டை வாங்கினார்கள். கீழே விதைக்கடையும் செல்போன் கடையும், மேலே இவர்கள். உன் தங்கச்சி, அதுதான் என் வீட்டுக்காரி, படவேட்டில் மாட்டையும் கரும்பையும் விட்டு வரமாட்டேன் என்று அங்கேயே இருக்கிறாள். பேத்தியைப் பள்ளிக்கூடத்தில் விட்டுக் கூட்டிவர நான் இங்கே இருக்கிறேன். மலையேறி வந்து ரிட்டயர்மென்ட்டைக் கழிக்கிற ஒரே மலைப்பாதை டிரைவர் நானாகத்தான் இருப்பேன்.

தீபாவளி முடிந்ததும் மருமகன் செல்போனில் படங்களைக் காட்டினார். அடுப்படி, சாப்பிடும் இடம், ஹால் எல்லாம் ஒன்றாகத் திறந்து கிடக்கும் வீடுகள். இப்போதெல்லாம் எல்லாரும் இப்படித்தான் இருக்கிறார்களாம். அடுப்படியில் நிற்கிறவள் தனியாகக் கிடக்க வேண்டாம் என்று அவர் சொன்னது எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. அவர் நல்ல பிள்ளை. மகள் டியூட்டிக்குப் போகிற நாட்களில் அவர்தான் சமைக்கிறார். ஹாலில் விளையாடும் குழந்தையைப் பார்த்துக்கொண்டே குழம்பு வைக்கலாம் என்பது அவர் கணக்கு.

ஆட்கள் வந்து நடுச்சுவரை ஒரே பகலில் இடித்துத் தள்ளினார்கள். ஒல்லிச் சுவர், இது எதையும் தாங்கவில்லை என்று மேஸ்திரி சொன்னார். செங்கல் தூசி அடங்கியதும் பேத்தி இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குக் கத்திக்கொண்டே ஓடினாள். மகள் சிரித்தாள், மருமகன் சிரித்தார். நான் மட்டும் அண்ணாந்து பார்த்தேன். இடித்த சுவருக்கு நேர் மேலே, மொட்டை மாடியில், கறுப்புத் தண்ணீர்த் தொட்டி உட்கார்ந்திருப்பது எனக்குத் தெரியும். அன்று சாயங்காலம் மோட்டார் போட்டு அதில் தண்ணீர் நிரம்புகிற சத்தம் கேட்டபோது எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் மெதுவாகக் கேட்டுப் பார்த்தேன். மேஸ்திரியிடம் கேட்டாயிற்று மாமா என்றார் மருமகன். அப்பாவுக்கு எதைப் பார்த்தாலும் பயம் என்றாள் மகள், அடுப்பைத் துடைத்துக்கொண்டே, கோபமே இல்லாமல். அவள் சின்ன வயசிலிருந்து பார்க்கிறாள். இடி இடித்தால் ரேடியோவைப் பிடுங்கி வைப்பேன். நாவல் மரத்தில் ஏறினால் கீழே நின்று கையை நீட்டிக்கொண்டே இருப்பேன். அவளைப் பொறுத்தவரை என் பயம் வீட்டுச் சுவரில் ஓடுகிற கடிகாரம். அது பாட்டுக்கு ஓடும், யாரும் கவனிப்பதில்லை. புலி வருது கதையில் வருகிற பையனுக்கு வயசானால் என் மாதிரி இருப்பான்.

அப்புறம் நிறம் பற்றிய சண்டை ஆரம்பித்தது. சுவரை இடித்துவிட்டுச் சுவருக்கு என்ன நிறம் என்று ஒரு சண்டை. நீ இருந்திருந்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பாய். ஷேடு கார்டு சாப்பாட்டு மேஜையிலேயே கிடந்தது, குழம்புக்கறை பட்டு இல்லாத நிறங்களும் அதில் சேர்ந்துகொண்டன. முன்னே அறைக்கு ஒரு நிறம் அடித்துவிட்டு மூலையில் நிறுத்திக்கொள்ளலாம். இப்போது நிறுத்த மூலை இல்லை. அடுப்படியில் தொடங்கினால் அது ஹால்வரை ஓடிக்கொண்டே இருக்கிறது. அதனால் எல்லாவற்றுக்கும் ஒரே வெளிர்மஞ்சள் என்றாள் மகள். தாளிக்கிற புகைக்கு மஞ்சள் மூன்று மாதம் தாங்காது, நீளச் சுவருக்கு மட்டும் அடர்பச்சை, கை அழுக்குத் தெரியாது என்றார் மருமகன். பேத்தி ரோஸ் கேட்டாள். கடைசியில் என்னைக் கேட்டார்கள், மரியாதைக்குத்தான்.

வெள்ளை என்றேன். சுவருக்கும் வெள்ளை, மேல்தளத்துக்கும் வெள்ளை.

“ஆஸ்பத்திரில நாள் பூரா வெள்ளைதாம்பா பாக்கறேன். வூட்லயுமா?” என்றாள் மகள்.

அவள் கேட்டது சரிதான். என் காரணத்தை நான் சொல்லவில்லை. சொல்ல வேண்டுமென்றால் உன் நீலத்தைச் சொல்ல வேண்டும்.

நாம் ராத்தங்கிய அறையை நீ மறந்திருக்க மாட்டாய். கடைசி வண்டியை மலைமேல் கொண்டுவந்து விட்டு, காலையில் முதல் வண்டி எடுக்கும்வரை நாம் படுக்க டீக்கடைக்காரர் கொடுத்த மண்சுவர் அறை. அவர் வீட்டம்மா அவ்வப்போது செம்மண் குழைத்துப் பூசுவார். சுவரில் சாய்ந்தால் காக்கிச் சட்டையின் முதுகு சிவந்துவிடும். உனக்கு அதுதான் பிடிக்காது. அந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு உனக்கு லீவு கிடைக்கவில்லை. உங்கள் தெருவில் கிறிஸ்துமஸ் என்றால் முதல் வேலை வீட்டுக்கு வெள்ளை அடிப்பது, புதுச்சட்டையும் பலகாரமும் அப்புறம். சொந்த வீட்டில் அடிக்க முடியாததை இங்கேயாவது அடிப்பேன் என்று கிளம்பினாய். சுண்ணாம்பு ஏழைக்கு, நாம் கவர்மென்ட் ஆள் என்று சொல்லி, கண்ணமங்கலத்தில் எனாமல் வாங்கி, என் பக்கத்தில் இன்ஜின் மூடிமேல் வைத்து மலையேற்றினாய். வழியெல்லாம் அந்த நெடி. கூட்டமெல்லாம் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தது. என்ன நிறம் என்று கேட்டதற்கு, மாதாவின் முக்காட்டு நீலம் என்றாய்.

மண்சுவருக்கு எனாமல் அடிக்கலாமா என்று நம்மில் ஒருவருக்கும் தோன்றவில்லை. பயப்பட விஷயம் தேடித் தேடிக் கண்டுபிடிக்கிற எனக்கே தோன்றவில்லை. அடித்து முடித்ததும் சுவரில் முகம் தெரிந்தது. டீக்கடைக்காரரும் வீட்டம்மாவும் வந்து பார்த்து அசந்துபோனார்கள். இனிமேல் மண் பூசுகிற வேலை மிச்சம் என்று அந்த அம்மாவுக்குச் சந்தோஷம். டீ குடிக்க வந்தவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். நீ உள்ளே நின்று, செருப்பைக் கழற்றிவிட்டு வரச் சொன்னாய்.

அப்புறம் மழை பிடித்துக்கொண்டது. மார்கழியில் அப்படியொரு மழை. தரையிலிருந்து சுவரில் ஏறுகிற ஈரம் செம்மண் பூச்சாக இருந்தால் வெயிலில் உலர்ந்து போயிருக்கும். எனாமலுக்குப் பின்னால் அது போக வழியில்லாமல் தங்கிவிட்டது. இதெல்லாம் பிற்பாடு யோசித்துப் புரிந்துகொண்டது. அப்போது நான் பார்த்ததெல்லாம், சுவர் லேசாக வயிறு தள்ளியிருக்கிறது என்பதைத்தான். அதுகூடச் சரியாகத் தெரியவில்லை. நீலம் பளபளவென்று எல்லாவற்றையும் மூடிக்கொண்டிருந்தது. பெயிண்ட் முடிந்து வெறும் மண் தெரிகிற மூலையில் மட்டும் ஒரு கோடு ஓடியிருந்தது.

நான் காட்டினேன். நீ சிரித்தாய். என் வாயை அடைப்பதற்காக, பையிலிருந்து ஒரு டிக்கெட்டை எடுத்து, டிபன் பாக்ஸிலிருந்த சோற்றுப் பருக்கையை மசித்து, அந்தக் கோட்டுக்குக் குறுக்கே ஒட்டினாய். சுவர் நகர்ந்தால் டிக்கெட் கிழியும், கிழிந்தால் இறங்கிக்கொள்ளலாம் என்றாய். விளையாட்டுக்குத்தான் செய்தாய். ஆனால் நான் அந்தத் துண்டுக் காகிதத்தைப் பார்த்தபடியே கிடந்தேன்.

மறுநாள் பாதையில் மரம் விழுந்து வண்டி கீழே போகவில்லை. சாப்பிட்டுவிட்டு மத்தியானம் நீ முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு சுவரோரம் படுத்திருந்தாய். வெளியே மழை. நான் மூலையைப் பார்த்தேன். டிக்கெட் நடுவில் கிழிந்திருந்தது. உன்னை உலுக்கி எழுப்பினேன்.

“டிக்கெட் கிழிக்கறதுதான் ட்ரைவரே என் பொழப்பே. இதுக்கா பயப்படறே?” என்று துண்டை விலக்காமலே கேட்டாய்.

நான் உட்காரவில்லை. வாசலில் நின்றுகொண்டு, வா வா என்று அழுகிற குரலில் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். என் தொல்லை தாங்காமல்தான் எழுந்தாய். பணப்பையை மாட்டிக்கொண்டு, திட்டிக்கொண்டே மழையில் ஓடி வந்து பஸ்ஸில் ஏறினாய். தலையைத் துவட்டிக்கொண்டிருந்தோம். பெரிய சத்தம் ஒன்றும் கேட்கவில்லை. நனைந்த மூட்டையைக் கீழே போட்ட மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான். சுவர் உள்பக்கமாகப் படுத்திருந்தது. பின்னாலிருந்த மண் சேறாக வழிந்திருந்தது. நீலம் மட்டும் பாயை விரித்தது போல உன் படுக்கைமேல் கிடந்தது, ஓட்டுச் சில்லுகள் அதன்மேல். பெயிண்டில் ஒரு கீறல் இல்லை.

நீ பஸ் படியில் உட்கார்ந்து மழையைப் பார்த்துக்கொண்டிருந்தாய். பிறகு என் பக்கம் திரும்பாமல் சொன்னாய்.

“இனிமே உனக்குப் பயமா இருந்தா சொல்லிடு ட்ரைவரே. நான் சிரிப்பேன். ஆனா எழுந்து வந்துடுவேன்.”

அப்படியே செய்தாய். கொண்டை ஊசி வளைவில் என் கால் பிரேக்கில் தயங்கினால் ஏன் எதற்கு என்று கேட்காமல் விசில் கொடுத்து வண்டியை நிறுத்துவாய். மேகம் இறங்கிய நாட்களில் நீயே இறங்கி முன்னால் நடந்து வழி காட்டியிருக்கிறாய். எல்லார் முன்னாலும் என்னைக் கிண்டல் செய்வாய், அதில் குறை வைத்ததில்லை. கிண்டல் செய்துகொண்டே நடப்பாய். என் பயத்தை நம்பிய ஒரே மனுஷன் நீ. மற்றவர்கள் எல்லாம் என் மேல் பிரியமாக இருந்தார்கள், அவ்வளவுதான்.

இந்தக் கதையை நான் வீட்டில் சொன்னதில்லை. சொன்னால், அது மண்சுவர் மாமா, இது சிமெண்ட் என்று மருமகன் பொறுமையாக விளக்குவார். பாடம் நடத்திப் பழகியவர்.

பெயிண்டர் வந்து சுவரையும் மேல்தளத்தையும் தேய்த்து, மேடுபள்ளம் தெரியாமல் பட்டி பூசி, பிரைமர் அடித்தார். பிரைமர் வெள்ளை. வீடு முழுக்க ஒரே வெள்ளை. நான்கு நாள் மழை பெய்தது. அதற்கப்புறம்தான், இடித்த சுவர் இருந்த இடத்துக்கு மேலே, தளத்திலிருந்து நீளச் சுவரின் மூலைக்கு ஒரு கோடு இறங்கியிருப்பதைப் பார்த்தேன். தலைமுடி கனம்கூட இல்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். இருந்தது. பெயிண்டரிடம் காட்டினேன். பட்டி காயும்போது வருவதுதான் என்று மறுபடி நிரப்பித் தேய்த்தார். மூன்றாம் நாள் அதே இடத்தில் அதே கோடு.

சாயங்காலம் மருமகன் ஸ்டூலில் ஏறிப் பார்த்துவிட்டு, என்னைச் சமாதானப்படுத்துகிற குரலில் சொன்னார்.

“டார்க் கலர் அடிச்சா தெரியாதுங்க மாமா.”

அவர் நல்லதுக்குத்தான் சொன்னார். தெரியாது என்பதுதானே என் பயம். விழப்போகிற சுவரைக்கூட நான் தாங்கிக்கொள்வேன், அது விழப்போகிறது என்று தெரிந்தால். பளபளவென்று சிரித்துக்கொண்டு பின்னால் சேறாகிக்கொண்டிருக்கிற சுவரைத்தான் என்னால் தாங்க முடியாது. அந்தக் கோட்டுக்கு நேர் கீழேதான் பேத்தி பாயை விரித்துப் பொம்மைகளை அடுக்கி வைத்திருந்தாள். ஹாலிலேயே வெளிச்சமான இடம் அதுதான். அங்கே பல்லி விழுகிறது என்று பொய் சொல்லிப் பாயை வாசல் பக்கம் இழுத்துப் போட்டேன். அவள் மறுபடி அங்கேயே இழுத்துக்கொண்டு போனாள். நான் ஒன்றுக்கு நாலு தடவை இழுத்தேன். தாத்தாவுக்குப் பல்லின்னா பயம் என்று அம்மாவிடம் போய்ச் சொன்னாள், ரொம்பப் பெருமையாக.

உன் வழிதான் எனக்குத் தெரிந்த ஒரே வழி. தேதி காலண்டரிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, சோற்றுப் பருக்கை வைத்து, ஸ்டூலில் ஏறிக் கோட்டுக்குக் குறுக்கே ஒட்டினேன். அதற்கப்புறம் மழை வலுத்தது. நான் காலையில் எழுந்ததும் அதைத்தான் பார்ப்பேன், பேத்தியைப் பள்ளியில் விட்டு வந்ததும் அதைத்தான் பார்ப்பேன். அடர்பச்சை வாங்கி வந்து மூலையில் வைத்தாயிற்று. மழை விட்டதும் அடிக்க வேண்டியதுதான் பாக்கி. மழை விட வேண்டுமா கூடாதா என்றே எனக்குத் தெரியவில்லை. பெய்தால் சுவருக்கு ஆபத்து, விட்டால் பச்சை வந்து மூடிவிடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை தாள் கிழிந்திருந்தது. மேலிருந்து கீழாக, பல்லால் கடித்த மாதிரி ஒழுங்கில்லாமல்.

மகளும் மருமகனும் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் அங்கே போய் நின்று கையால் காட்டினேன். மருமகன் பார்த்தார். நீங்கள் சொன்ன பல்லி ஓடியிருக்கும் மாமா என்றார். மகள் புரையேறிச் சிரித்தாள். என் பொய் என் தலையிலேயே விடிந்தது என்று எனக்கும் தெரிந்தது. வேறு நாளாக இருந்தால் நானும் சிரித்துவிட்டு உள்ளே போயிருப்பேன். அன்று முடியவில்லை. பேத்தி இட்லித் தட்டை எடுத்துக்கொண்டு அந்த இடத்துக்குத்தான் போய்க்கொண்டிருந்தாள். நான் அவளைத் தூக்கினேன். தட்டு விழுந்து சட்னி தரையெல்லாம் தெறித்தது. அவள் வீறிட்டு அழுதாள். நான் அவளைத் தூக்கிக்கொண்டு வாசற்படியில் போய் நின்றுகொண்டேன், அன்றைக்கு உன்னைக் கூப்பிட்டுக்கொண்டு நின்ற மாதிரி.

“சிரிங்க, எவ்ளோ வேணா சிரிங்க. சிரிச்சுனே எழுந்து வெளிய வாங்க,” என்றேன்.

மகள் என்னையே பார்த்தாள். என்ன பார்த்தாளோ தெரியாது. தினமும் நோயாளி முகத்தைப் பார்க்கிறவள். கையைக் கழுவிவிட்டு வந்து ஸ்டூலில் ஏறினாள். கோட்டில் கட்டைவிரல் நகத்தை வைத்தாள். நகம் உள்ளே போனது. அவள் கீழே இறங்கி, மருமகனைப் பார்த்து, சாப்பிட்டது போதும் எழுந்திருங்கள் என்றாள். குரலில் சிரிப்பு இல்லை.

அவளோடு வேலை செய்கிற இன்னொரு நர்ஸின் தம்பி வேலூரில் இன்ஜினியர். மறுநாள் வந்தார். தளத்தைப் பார்த்தார், மொட்டை மாடிக்குப் போனார், கீழே வந்தார். முதலில் அடுப்படிக் குழாயைத் திறந்துவிட்டார். பிறகு பாத்ரூம் குழாயை. வீட்டில் இருக்கிற எல்லாக் குழாயையும் திறந்துவிட்டு, தொட்டி காலியாகிறவரை யாரும் நடு ஹாலுக்கு வரவேண்டாம் என்றார். நாங்கள் நால்வரும் வாசற்படியில் ஒட்டிக்கொண்டு நின்று, எல்லாக் குழாயிலும் தண்ணீர் கொட்டுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தோம். மருமகன் என் கையைப் பிடித்திருந்தார். எப்போது பிடித்தார் என்று எனக்குத் தெரியாது, அவருக்கும் தெரிந்திருக்காது.

விழுந்திருக்குமா என்று கேட்டோம். இன்ஜினியர் விழுந்திருக்கும் என்றும் சொல்லவில்லை, விழாது என்றும் சொல்லவில்லை. அந்தச் சுவர்மேல்தான் தளம் இத்தனை நாள் உட்கார்ந்திருந்தது என்று மட்டும் சொன்னார். நான் பயப்பட்டது சரி என்று ஆனதில் ஒரு சந்தோஷமாவது வரும் என்று நினைத்தேன். வரவில்லை. சரி என்று தெரிந்ததும் பயம் இரண்டு மடங்கு ஆகிவிட்டது, கண்டக்டரே. அதுவரை என் மனப்பிராந்தியாக இருக்கலாம் என்று ஒரு மூலையில் ஆறுதல் இருந்தது. அதுவும் போய்விட்டது.

தளத்துக்கு இரும்புக் கம்பங்கள் முட்டுக் கொடுத்தார்கள். தூண் எழுப்பி மேலே இரும்புச் சட்டம் வைத்தார்கள். தொட்டியை இறக்கிப் படிக்கட்டுச் சுவருக்கு மேலே மாற்றினார்கள். திறந்த வீட்டின் நடுவே இப்போது ஒரு தடித்த தூண் நிற்கிறது. பேத்தி அதைச் சுற்றி ஓடுகிறாள். அடர்பச்சையைக் கடைக்காரர் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை, கீழே விதைக்கடை ஷட்டருக்குக் கொடுத்துவிட்டோம். நேற்று மகள் ஷேடு கார்டை எடுத்து வந்து என்முன் போட்டாள். எது என்று கேட்கவில்லை. எந்த வெள்ளை என்று கேட்டாள். வெள்ளையிலேயே பத்துப் பன்னிரண்டு இருக்கிறது, உனக்குத் தெரியுமா? எனக்கு எல்லாம் ஒன்றாகத்தான் தெரிந்தது. இருப்பதிலேயே எதையும் மறைக்காத வெள்ளை எது என்று பெயிண்டரைக் கேட்டு அதையே வாங்கச் சொன்னேன்.

இன்று மத்தியானம் மழை சற்று விட்டது. தொட்டியின் அடிப்பலகை சரியாக இருக்கிறதா என்று பார்க்க மொட்டை மாடிக்கு ஏறினேன். தரை பாசி பிடித்து வழுக்கியது. கைப்பிடிச் சுவர் அந்தப் பக்கம் இல்லை. நான் குனிந்து பலகைக்கு அடியில் பார்த்துக்கொண்டிருந்தபோது, டியூட்டி முடிந்து வந்த மகள் தெருவிலிருந்து என்னைப் பார்த்துவிட்டாள். பை, குடை எல்லாவற்றையும் போட்டுவிட்டு மூச்சு வாங்க மேலே ஓடி வந்தாள்.

“அங்க நிக்காதப்பா. எறங்கி வந்துடு. எனக்குப் பயமா கீதுப்பா.”

ஆயுசுக்கும் நான் பிறரிடம் சொன்ன வார்த்தை. என்னிடம் யாரும் சொன்னதில்லை. எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. ஆனால் மறுபேச்சு பேசாமல் அவள் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். பாதிப் படியில் கால் நின்றுவிட்டது. அழுதேன். அவள் நான் வழுக்கிவிட்டேன் என்று நினைத்து முட்டியைத் தடவிப் பார்த்தாள்.

நான் ரிட்டயர் ஆனபிறகு நீ வேறு டிரைவரோடு இதே மலைக்குப் போய்வந்தாய். நீ போன அன்றைக்கு மலையிறங்கும்போதே உனக்கு நெஞ்சு அடைத்திருக்கிறது. வாயு என்று சொல்லிக்கொண்டு போளூரில் சோடா வாங்கிக் குடித்திருக்கிறாய். எல்லாரிடமும் வழக்கம்போலத் தமாஷ் பேசியிருக்கிறாய். எல்லாருக்கும் டிக்கெட் கிழித்துக் கொடுத்துவிட்டு உன் சீட்டில் வந்து உட்கார்ந்திருக்கிறாய். கண்ணமங்கலத்தில் இறங்க வேண்டியவர்கள் விசில் வராததால்தான் திரும்பிப் பார்த்தார்களாம். அந்த டிரைவர் நல்லவர், என்னைப் பார்க்க வந்து அழுதார். நீ சிரித்துக்கொண்டே இருந்ததால் ஒன்றும் தெரியவில்லை என்றார்.

என் பயம் இன்னும் என்னோடுதான் இருக்கிறது. நாளைக்கு முதல் கை வெள்ளை அடித்ததும் அண்ணாந்து பார்ப்பேன், மகளும் பார்ப்பாள். அந்த வண்டியில் யாராவது சொல்லியிருந்தால் நீ சிரித்திருப்பாய், ஆனால் எழுந்து இறங்கி வந்திருப்பாய். வண்டி நிறைய ஆள் இருந்தும், உன்னிடம், எனக்குப் பயமாக இருக்கிறது, இறங்கி வா என்று சொல்ல அன்றைக்கு அதில் ஒருவரும் இல்லை.